விடியலில் கிளம்பாத வண்டி

ஞாயிறு திருப்பலிக்குக் குடும்பத்தையும் சந்தைக்கு வெற்றிலையையும் ஒரே பழைய டீசல் பிக்கப் வண்டியில் ஏற்றிச் செல்லும் இல்லங்கள் கடத்தூர்ப் பக்கம் உண்டு. விடியலில் அது கிளம்ப மறுத்தால், வெற்றிலையோடு அவ்வார வீட்டுச் செலவும் வாடும். உடனே பேட்டரியைப் பழித்துப் புதியது வாங்கப் புறப்படுகிறோம். சற்றே பொறுப்போம்.

சாவியைத் திருப்புகையில் எஞ்சின் சோர்ந்து சுழன்றால் பேட்டரியையும் அதன் முனைகளில் பூத்த உப்பையும் பார்க்கலாம். விரைந்து சுழன்றும் பற்றவில்லையெனில் புகைக்குழாயை நோக்குவோம். வெண்புகை வந்தால் டீசல் சேர்கிறது, சரியாக எரியவில்லை. புகையே இல்லையேல் பெரும்பாலும் டீசல் போய்ச் சேரவில்லை.

1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினுக்குத் தீப்பொறி தேவைப்படவில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெய் தானே பற்றுகிறது. அதே காற்று எண்ணெய்க் குழாயினுள் புகுந்தாலோ பகை! பம்பின் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே கழிந்துவிடும். பட்டறைகளில் இதனை ‘ஏர் பிடித்தல்’ என்பர்.

பில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்த வேண்டும். நுரை அடங்கித் தெளிந்த டீசல் வழிந்ததும் இறுக்கிவிடலாம். மறுநாளும் அதே தொல்லையெனில், வெடித்த ரப்பர் குழாயோ தேய்ந்த வாசரோ காற்றை உறிஞ்சுகிறது. டாங்கியிலிருந்து வரும் குழாயில் பம்பு இழுப்பதால், ஓட்டத்தின்போது காற்று உள்ளே போகுமேயன்றி டீசல் வெளியே சொட்டாது. தரையில் கறையும் இராது. அனுபவமுள்ளோர் கண்ணுக்கும் இது தப்பிவிடுகிறது. அக்குழாயை மாற்றினால், பேட்டரிக்கென எடுத்த பணம் மீண்டும் பெட்டிக்கே போகும்.