பிள்ளை கேட்கிறது, எதை வாங்கிக் கொடுப்பது?



கோடை விடுமுறை வந்தாலே ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து எனக்கு வருகிறது. "சார், பிள்ளை நாய்க்குட்டி வேணும்னு அடம் பிடிக்கிறான், எதை வாங்கலாம்?" போன வாரம் கேட்டவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறான். ஏழு வயது மகனுக்கு ஹஸ்கி நாய் வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறானாம். "ரெண்டு நாள் பொறுப்பா" என்று சொல்லிவைத்தேன். போனில் சொல்லி முடியாததை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நாய் பத்து முதல் பதின்மூன்று வருடம் இருக்கும். வீட்டில் வளரும் பூனை பதினைந்து வருடம்கூட இருக்கும். இன்று ஏழு வயதுப் பையன் அப்போது மதுரையிலோ கோயம்புத்தூரிலோ கல்லூரி விடுதியில் இருப்பான். வயதான நாயும் நீங்களும்தான் வீட்டில் இருப்பீர்கள். ஏழு வயதுப் பிள்ளை தண்ணீர் வைக்கும், தட்டைக் கழுவும், கூட விளையாடும். சோறு, ஊசி, மலம் அள்ளுவது எல்லாம் பெரியவர்கள் தலையில்தான் விழும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் தலை. அதனால் பிள்ளை என்ன கேட்கிறது என்பதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் அம்மா, அப்பத்தா என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் மனமில்லாமல் வரும் பிராணி அந்த வீட்டில் சுகமாக இருக்காது.

இனி, எவற்றை வாங்கவே கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பச்சைக்கிளி கூடாது. நம் தாத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு கூண்டு தொங்கியது உண்மை. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வளர்ப்பது குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. நட்சத்திர ஆமையும் அப்படித்தான். மண்டபம், பாம்பன் பக்கத்து உறவுகளுக்கு இன்னொன்று: வலையில் வந்த கடல் குதிரையைப் பாட்டிலில் போட்டுப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். 2001 முதல் கடல் குதிரையும் கடல் அட்டையும் பிடிக்கத் தடை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பாட்டில் தண்ணீரில் அது பிழைக்காது. பிள்ளை கண் முன்னால் சாகும். பறவைதான் வேண்டுமென்றால் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அது ஆஸ்திரேலியப் பறவை, அதற்குத் தடையில்லை. ஒற்றையாக வாங்காமல் ஜோடியாக வாங்குங்கள்.

ஹஸ்கி சைபீரியப் பனியில் வண்டி இழுத்த நாய். அதற்கு இரண்டு அடுக்கு ரோமம். நம் சித்திரை வெயிலில் மனிதனே மூச்சு வாங்குகிறான், அது என்ன பாடுபடும்? முயலும் சூடு தாங்காது. பிள்ளைகள் தூக்கிக் கீழே போட்டால் முதுகெலும்பும் முறியும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் மண்ணின் நாய்கள்தான். 2005-இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. ஓட இடம் வேண்டும், பழக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டு அறை வீட்டுக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஏற்றது நம் தெருவில் பிறக்கும் நாட்டுக்குட்டிதான். இந்த வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். வீட்டுக்குள் நாய் வளர்க்காத குடும்பங்களுக்குப் பூனை இருக்கிறது. கீழக்கரையில் நான் போன எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளோடு பூனையும் ஒரு பிள்ளையாகத்தான் வளர்ந்தது. எதுவானாலும் தாயிடமிருந்து இரண்டு மாதத்துக்கு முன் பிரிக்காதீர்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஆட்டுக்குட்டி. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைப் பால் புகட்டி வளர்த்தாள். மூத்த மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா அதைச் சந்தையில் விற்றுவிட்டார். அவர் செய்தது தவறு இல்லை, அது அந்த வீட்டின் வங்கிக் கணக்கு. ஆனால் பள்ளிவிட்டு வந்து வெறும் கயிற்றைப் பார்த்த பிள்ளை இரண்டு வாரம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவரை அழைத்துப் பேசினேன். "அடுத்த குட்டியை முதல் நாளே 'இது விற்கிற குட்டி' என்று சொல்லிக் கொடுங்கள், விற்கிற அன்று அவளையும் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்" என்றேன். அப்படியே செய்தார். அழுதாள்தான். ஆனால் மறுநாள் பள்ளிக்கு வந்து, "சார், அதுக்கு மாலை போட்டு அனுப்பினேன்" என்று தானாகச் சொன்னாள்.

இப்போது மிக முக்கியமானது. ஒரு பையன் காற்சட்டையை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்த்தால் கெண்டைக்காலில் நாய்ப்பல். இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "சொன்னா நாயை அடிச்சு விரட்டிடுவாங்க சார்" என்றான். அன்றே அவன் அப்பாவை வரவழைத்து அரசு மருத்துவமனையில் ஊசி போட வைத்தோம். பையன் தப்பினான். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். 1885 ஜூலை 6-ஆம் தேதி லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அந்த மருந்தைப் போட ஆரம்பித்தார். 1907-இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு பிள்ளை பயத்தில் வாய் மூடி இருந்து செத்தால் அது நம் வீட்டுக் குற்றம்.

அதனால் குட்டி வரும் நாளே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "கடித்தாலும் கீறினாலும் உடனே சொல்லு. உன்னைத் திட்ட மாட்டோம், குட்டியை விரட்ட மாட்டோம்." சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். நேராக அரசு மருத்துவமனை. முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று ஊசி இலவசமாகவே போடுவார்கள். ஒன்றையும் விடக்கூடாது. குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசி, அப்புறம் வருடம் ஒரு முறை.

எதுவுமே வளர்க்க முடியாத வாடகை வீட்டுப் பிள்ளைக்கு? மொட்டை மாடியில் ஒரு மண்சட்டித் தண்ணீர் போதும். மைனாவும் குருவியும் வரும். மழைக்காலம் கழிந்ததும் தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, காஞ்சிரங்குளம், சித்திரங்குடி என்று நம் மாவட்டத்துச் சரணாலயங்களில் ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். பனிக்காலத்தில் தனுஷ்கோடியில் பூநாரை பார்க்கலாம். ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்த அப்துல் கலாமைச் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை பறப்பதைக் காட்டினார். அந்தப் பிள்ளை என்ன ஆனார் என்று உங்களுக்கே தெரியும். அங்கே கூண்டு எதுவும் இல்லை.

கடைக்காரத் தம்பி, உனக்கு என் பதில்: ஹஸ்கி வேண்டாம். முதலில் உன் அம்மாவிடம் கேள். அவர்கள் சரி என்றால் உன் தெருவிலேயே ஒரு நாட்டுக்குட்டியைப் பார். முன்பணத்துக்கு வைத்திருந்த காசு அதன் இரண்டு மூன்று வருட ஊசிக்கும் கருத்தடைக்கும் ஆகும். பெயரை மகனே வைக்கட்டும். முதல் ஊசி போட்டதும் தேதியை எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
உங்கள் சார்