கிடாரை எடுக்க நெருப்பில் நுழைந்தவர்

விருதுநகரில் இறங்கினால் முதல் வேலை எண்ணெய் பரோட்டா. மொறுமொறுவென்று பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி நாலு உள்ளே தள்ளினால்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தது: காமராஜர் வீடு, பருப்பு மூட்டைகள், மிளகாய் நெடி, எட்டுத் தும்மல்!

அங்கிருந்து திருத்தங்கல் வழியாக சிவகாசி பஸ். வழியெல்லாம் வெயில். பயிருக்கு ஆகாத இந்த வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாகப் போயிற்று. 1920-களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த சண்முக நாடாரும் அய்ய நாடாரும் பற்றவைத்த குச்சி இன்னும் அணையவில்லை.

நான் போனது பட்டாசு வாங்க அல்ல. அச்சகம் வைத்திருக்கும் நண்பன் வீட்டில் படம் பார்க்க. அமெரிக்க ப்ளூஸ் கிடார் மேதை பி.பி.கிங் 2011 ஜூன் 28-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடத்திய கச்சேரி. ஹீரோயின் இல்லை, ஃபைட் இல்லை. 85 வயது மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார். அவ்வளவுதான் படம்!

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தெற்கே பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. கிங்கும் சின்ன வயதில் மிஸ்ஸிஸிப்பியில் பருத்தி எடுத்தவர்தான். கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம்.

பாடிக்கொண்டே வாசிக்க அவருக்கு வராது. அதை அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிடார் பதில் சொல்லும்.

"வில்லுப்பாட்டுல 'ஆமா' போடுற மாதிரியில்ல இருக்கு!" என்றார் நண்பனின் அப்பா. பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

உற்சாகத்தில் கிடாரின் கதையை அவிழ்த்துவிட்டேன். 1949 குளிர்காலம். அர்க்கன்ஸா மாநிலத்தில் ட்விஸ்ட் என்றொரு குட்டி ஊர். நடனக் கொட்டகையின் நடுவே குளிர் காய பீப்பாயில் மண்ணெண்ணெய் எரிகிறது. இரண்டு பேர் கட்டிப்புரள, பீப்பாய் கவிழ, கொட்டகை தீப்பிடித்தது. வெளியே தப்பி வந்த கிங், கிடாரை விட்டுவிட்டோமே என்று மறுபடி உள்ளே ஓடி எடுத்து வந்தார்! சண்டை ஒரு பெண்ணுக்காக. அவள் பெயர் லூசில் என்று பிறகு தெரிந்தது. இனி இப்படிப் பைத்தியக்காரத்தனம் செய்யாதே என்று தனக்கே எச்சரிக்கையாகக் கிடாருக்கு 'லூசில்' என்று பெயர் வைத்துவிட்டார்.

சென்னையில் சொன்னால் சிரிப்பு நிச்சயம். இங்கே யாரும் சிரிக்கவில்லை. நண்பன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

"உள்ள போறது தப்புதான் தம்பி. ஆனா அந்த நேரம் காலு கேக்காது" என்றார் பெரியவர்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆலையில் தீ என்றதும் சுற்றுவட்டார ஜனங்கள் காப்பாற்ற ஓடினார்கள். அப்புறம்தான் பெரிய வெடிப்பு. சுமார் 40 பேர் போனார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை.

"கிடாருக்குப் போனவரு வந்துட்டாரு. ஆளுக்குப் போனவங்க வரல."

மின்விசிறிச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "போடுப்பா, வாசிக்கட்டும்" என்றார்.

குளோஸப்பில் கிங்கின் இடது கை வந்தது. ஒரே ஒரு ஸ்வரம். கம்பியை அழுத்திய விரல் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி படபடக்கிறது. காதால் மட்டும் கேட்டிருந்தால் இந்த விரல் தெரிந்திருக்குமா? 2015-ல், 89 வயதில் அவர் போய்விட்டார், விரல் இருக்கிறது.

"நம்ம காருகுறிச்சியார இப்படி உக்கார வச்சு எடுத்திருக்கலாம்" என்றார் பெரியவர். நியாயமான ஆதங்கம். 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) ஒலித்தது காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம். திரையில் வாயில் வைத்து ஊதியது ஜெமினி கணேசன்! 1964-ல், நாற்பத்து சொச்ச வயதிலேயே அருணாசலம் காலமானார்.

அந்த இடது கையை இன்னொரு தரம் போடச் சொன்னார் பெரியவர். நண்பன் மூன்று தரம் போட்டான்.