அப்பா தூங்கட்டும்... ரவுட்டரை நகர்த்தினேன்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் அப்பாவுக்கு வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பகலில்தான் தூங்குவார். எங்கள் வீட்டில் வைஃபை ஒழுங்காகக் கிடைப்பதும் அவர் தூங்கும் அறையில் மட்டும்தான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள்களில் நான் லேப்டாப்போடு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். ஆபீஸ் போன் வரும்போதெல்லாம் அப்பா புரண்டு படுப்பார். "பரவால்லமா, நீ பேசு" என்று துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார்.

போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நேத்து மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிடுச்சு." செக்கச்சிவந்த கம்பி ஓடுகிற இடம் அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் ரவுட்டரை உற்றுப் பார்த்தேன். ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே வந்த மூலையிலேயே, இரும்பு பீரோ மேல் கிடந்தது. வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். கான்கிரீட் சுவரும் தண்ணீரும் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டு மூலையில் வைத்தால் பாதி சிக்னல் தெருவுக்குத்தான்.

போனில் ஓர் இலவச ஆப் போட்டு ஹாலில் அளந்தேன். மைனஸ் 81 டிபிஎம். இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. கேபிள்காரரை வரவழைத்து, ரவுட்டரை ஹால் சுவரில் ஆள் உயரத்துக்கு மாற்றினோம். ஃபைபர் ஒயரை நாமே மடக்கி இழுக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தினேன். மறுபடி அளந்தால், மைனஸ் 57! இந்த 24 டெசிபல் வித்தியாசத்துக்கு, சிக்னலின் சக்தி சுமார் 250 மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம். புது ரவுட்டர் எதுவும் வாங்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கும் லேப்டாப்பை வேகமான 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தேன். சமையலறையில் சீரியல் பார்க்கும் அம்மாவின் போனுக்கு, சுவரைத் தாண்டிச் செல்லும் 2.4 கிகாஹெர்ட்ஸ். உங்கள் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் ரவுட்டரை அதன் அருகில் வைக்காதீர்கள். அதுவும் ஏறக்குறைய இதே 2.4 அலைவரிசைதான்.

இப்போது நான் ஹாலில். அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். நேற்று மதியம் 2 மணிக்கு எழுந்துவந்து கேட்டார்: "என்னம்மா, இன்னிக்கு ஆபீஸ் லீவா? சத்தத்தையே காணோம்!"