சொல்லாமல் விட்ட ஆபரேஷன்

“இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்காம்மா?”

2017-ல் தலைப்பிரசவத்துக்குச் சேர்ந்த அன்று, கேஸ் ஷீட் எழுதிய டாக்டரம்மா கேட்டார். பக்கத்தில் பிளாஸ்க்கும் கையுமாக என் மாமியார். “இல்லை” என்று சொல்லிவிட்டேன். மாதாந்திரச் செக்கப்பிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தை என் பெண்ணைப் பன்னிரண்டு நாள் அரைப்பட்டினி போட்டது.

2012-ல், என் 22-வது வயதில், எனக்கு மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன் நடந்தது. அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஓயாத கழுத்து வலி, முதுகு வலி. பிரா பட்டை அழுந்தி அழுந்தித் தோளில் பள்ளமே விழுந்திருந்தது. கோடை வந்தால் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகும். பஸ்ஸில் புத்தகப் பையை முன்னால் அணைத்துக்கொண்டுதான் நிற்பேன். ஆபரேஷனுக்குப் பிறகுதான் நிமிர்ந்தே நடந்தேன். செய்துகொண்டதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

அம்மாவுக்குத்தான் பயம். “வெளியில மூச்சு விடாதடி! அப்புறம் எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்க?” என்றாள். கல்யாணமானதும் கணவரிடம் சொன்னேன். “இப்ப வலி இல்லையே?” என்று கேட்டதோடு சரி. மாமியாரிடம் மட்டும் வாயே திறக்கவில்லை. தழும்பும் மங்கிப் போயிருந்ததால், குழந்தையை மார்பில் போட வந்த நர்ஸும் கவனிக்கவில்லை.

குழந்தை பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். முதல் நாள் சீம்பால் நன்றாகவே வந்தது. அப்பாடா, பயந்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு மார்பு கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை. எனக்கோ இடது பக்கம் லேசாகக் கனத்தது. வலது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு... உள்ளே குழாய் அறுபட்டிருந்தால் பூண்டு பாவம் என்ன செய்யும்?

குழந்தை ஒரு மணி நேரம் சப்பும், அப்படியே தூங்கிவிடும். “சமர்த்துக் குழந்தை, அழறதே இல்லை!” என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். அது சமர்த்து இல்லை, அழக்கூடத் தெம்பு இல்லாத சோர்வு என்று யாருக்குத் தெரிந்தது? நாளைக்கு மூன்று துணிதான் நனைந்தது. ஒரு தடவை செங்கல் நிறத்தில் கறை. எனக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாமியார் வந்தார். குழந்தையை மடியில் போட்டுத் துணியை விலக்கியவர், “ஏம்மா, தொடையில தோல் தொங்குதே!” என்று பதறி, காப்பிகூடக் குடிக்காமல் ஆட்டோ பிடித்தார். தராசு காட்டியது 2 கிலோ 500. பிறந்த முதல் சில நாளில் குழந்தைகள் கொஞ்சம் எடை குறைவது வழக்கம்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் ஆபத்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார் குழந்தை டாக்டர். அன்றே அட்மிஷன். அங்கே, மாமியார் எதிரிலேயே, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வந்தாள். டாக்டர் நிதானமாகப் படித்தார். காம்பைத் தனியே எடுத்துத் திரும்ப ஒட்டவைக்கும் முறையும் உண்டாம். அதில் பால் வெளியே வருவது அரிது. எனக்குக் காம்பை அடிச்சதையோடு சேர்த்தே மேலே நகர்த்தியிருந்தார்கள். அதனால் சில பால் குழாய்களாவது தப்பியிருக்கும். குழந்தை சப்பும் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு பழுதாகியிருந்தாலும் பால் இறங்குவது குறையும் என்றார்.

“முழுசா தாய்ப்பால், இல்லேன்னா முழுசா பவுடர் பால்னு யாரும்மா சொன்னா? இருக்கிறதைக் குடு. குறையறதை நான் சொல்ற அளவில சேர்த்துக் குடு.”

அந்த வார்த்தையில்தான் எனக்கு உயிர் வந்தது.

வழியையும் அவரே காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காம்பருகே பிளாஸ்திரியால் ஒட்டி, மறுமுனையைப் பால் கிண்ணத்தில் போட வேண்டும். குழந்தை மார்பைச் சப்பினால் இரண்டு பாலும் சேர்ந்தே வாய்க்குப் போகும். சப்பச் சப்ப எனக்கும் பால் ஊறும். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாக வந்து புரையேறும். ரொம்பத் தாழ்த்தினால் குழந்தை களைத்துவிடும். அந்த உயரம் என் மாமியாருக்கு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது! ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடிப்பார். ஒரு ராத்திரி, கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “என்கிட்ட சொல்லியிருந்தா உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?” என்னிடம் பதில் இல்லை. “மன்னிச்சுக்குங்க அத்தை” என்றேன். “கையை ஆட்டாதே, குழாய் நழுவுது” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாரா வாரம் எடை பார்த்தோம். நனையும் துணி நாளைக்கு ஆறு, ஏழு என்று ஏறியது. இருபத்துநாலாம் நாள் பிறந்த எடையைத் தொட்டாள். மூன்றாம் மாதம் பவுடர் பால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதற்குக் கீழே போகவில்லை. வலது மார்பு கடைசி வரை சோம்பேறிதான்! “தாய்ப்பால் இல்லையா?” என்று விசாரித்த எதிர்வீட்டு அம்மாளிடம், “அதுவும் குடிக்கிறா, இதுவும் குடிக்கிறா” என்று மாமியாரே முடித்துவிட்டார்.

2021-ல் பையன் பிறந்தபோது முதல் செக்கப்பிலேயே சொல்லி எழுத வைத்தேன். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் எடை பார்த்தார்கள். இந்தத் தடவை பால் கூடுதலாகவே வந்தது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பால் சுரப்பிகள் புதிதாக வளருமாம். அறுபட்ட குழாய்களில் சில காலப்போக்கில் கூடிக்கொள்வதும் உண்டாம். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் எச்சரித்தார். பையனுக்கு நாளைக்கு நூறு மில்லி மேல்பால் போதுமாக இருந்தது. அதைப் பாலாடையிலேயே கொடுத்துவிட்டோம்.

போன மாதம் என் சித்தி பெண் போன் செய்தாள். அவளுக்கும் அதே தோள் பள்ளம், அதே வலி. “பண்ணிக்கலாமாக்கா?” என்றாள். “தாராளமாப் பண்ணிக்கோ. காம்பை ஒட்டியபடியே வெச்சுப் பண்ணுவீங்களான்னு மட்டும் முன்கூட்டியே கேளு. பேப்பரையெல்லாம் பத்திரமா வை” என்றேன். என்னுடைய பேப்பர் இப்போது புடவைக்கு அடியில் இல்லை. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையோடு ஒரே கவரில் இருக்கிறது.