பார்சல் உடைந்தால் யாருடைய நட்டம்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓன்லைனில் பொருள் விற்கிற நம்ம ஊர் ஆட்களுக்குப் பிரயோசனப்படும் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

பகலில் பள்ளிக்கூடம், இஷாவுக்குப் பிறகு தம்பியோடு உட்கார்ந்து காட் பொதி செய்வது. கொஞ்ச வருடமாக எங்கள் வீட்டு நடப்பு இதுதான். "சேர், இந்தப் படக் காட்டுக்கா ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கிறாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. கொடுக்கிறார்கள். சின்ன வயதில் கிரிக்கெட் வீரர்களின் படம் சேர்த்தோமே, அதே ஆசைதான். இப்போது போகிமொன், கால்பந்து, கிரிக்கெட் என்று உலகம் முழுக்க அதற்குச் சந்தை இருக்கிறது.

அதிலே 'கிரேட்' செய்த காட் தனி ரகம். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற கம்பனிகளுக்குக் காட்டை அனுப்பினால் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் சரியாக அச்சாகியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை புள்ளி போடுவார்கள். புள்ளித்திட்டம் வைத்து விடைத்தாள் திருத்துகிற எங்களுக்கு இது இலகுவாக விளங்கியது. பிறகு காட்டைத் தெளிவான, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நிரந்தரமாக மூடி, மேலே புள்ளியையும் ஒரு இலக்கத்தையும் போடுவார்கள். அந்த உறைக்குத்தான் 'ஸ்லாப்' என்று பெயர். ஒரே காட் 9 எடுத்தால் ஒரு விலை, 10 எடுத்தால் பல மடங்கு விலை.

கெட்டி உறைக்குள் இருக்கிறதுதானே, அப்படியே கவரில் போட்டு அனுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உறை காட்டைக் காப்பாற்றும். உறையை யார் காப்பாற்றுவது? கீழே விழுந்தால் மூலை வெடிக்கும், ஒன்றோடொன்று உரசினால் கீறல் விழும். அது தண்ணீர் புகாத உறையும் இல்லை. மாரி காலத்தில் எங்கள் கிழக்குப் பக்கம் பார்சல் எப்படி நனைந்து போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாங்கள் செய்கிற முறை இது. முதலில் ஸ்லாப்பை அளவான மெல்லிய பிளாஸ்டிக் பையில் போடுவோம், கீறல் விழாமலிருக்க. அதற்கு மேல் இரண்டு சுற்று பபிள் ரெப். செலோடேப்பின் நுனியை மடித்து விடுவோம், வாங்குகிறவர் கத்தி வைக்காமல் கையால் பிரிக்க. பிறகு ஸ்லாப்பை விடப் பெரிய இரண்டு காட்போட் மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, சிப் வைத்த பொலித்தீன் பையில் போடுவோம். கடைசியில் பெட்டி. ஆறு பக்கமும் இரண்டு அங்குலமாவது கசக்கிய பத்திரிகையோ ரெஜிபோம் துண்டோ இருக்க வேண்டும். மூடியதும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளே சத்தம் கேட்டால் திரும்பப் பிரிப்போம். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்லாப் போனால் ஒவ்வொன்றுக்கும் இடையில் மட்டை. இத்தனைக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு சோற்றுப் பார்சல் காசுக்கும் குறைவு.

அதைவிட முக்கியம், பொதி செய்ய முன் எடுக்கிற போட்டோ. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, இலக்கம். டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலும் தெரியும். இருக்கிற கீறலை விற்க முன்பே காட்டிவிடுவோம். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று மத்ரஸாவில் படித்துத்தானே வளர்ந்தோம். பெட்டியை மூடி முகவரி ஒட்டும் வரைக்கும் வெட்டாத ஒரே வீடியோவும் எடுப்போம். வாங்குகிறவரையும் அப்படியே வீடியோ எடுத்துக்கொண்டு பிரிக்கச் சொல்வோம். சந்தேகத்தால் இல்லை, ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு என்று விளக்கிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

இவ்வளவு செய்தும் ஒருமுறை உடைந்தது. கண்டிப் பக்கம் ஒரு கெம்பஸ் மாணவர், 18,000 ரூபா காட். ஸ்லாப்பின் மூலை வெடித்த போட்டோ வட்ஸ்அப்பில் வந்தது. ஊரில் கேட்ட எல்லாரும், "அவனே கீழே போட்டிருப்பான், காசைத் திருப்பிக் கொடுக்காதீங்க" என்றார்கள்.

நாங்கள் முதலில் கேட்டது பெட்டியின் வெளிப்பக்கப் போட்டோ. "எதையும் எறிய வேண்டாம், பெட்டி, மட்டை எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றோம். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி உள்ளே போயிருந்தது. மேலே பாரமான ஏதோ விழுந்திருக்கிறது. தம்பி அன்றைக்கே கூரியர்காரர்களிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். கையெழுத்து வாங்கி ஒப்படைத்தாயிற்று என்றார்கள். மூன்று கிழமை அலைந்த பிறகு அனுப்பிய கூலியை மட்டும் தந்தார்கள். பில்லின் பின்பக்கத்தில் நட்டஈட்டுக்கு வரம்பு சின்ன எழுத்தில் இருந்தது. பெறுமதியான பொருள் அனுப்புகிறவர்கள், பெறுமதியை முன்கூட்டியே பதிந்து அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால், உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி விசாரணை கோர 6 மாதம் அவகாசம் உண்டு. ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் நம்ம நாட்டில் இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அனுப்பச் சொன்ன பொருளைக் கொண்டுபோகிறவரிடம் ஒப்படைப்பது பொதுவாக வாங்குகிறவரிடம் ஒப்படைத்ததற்குச் சமம் என்பது அதன் போக்கு. ஆனால் பொருளின் தன்மைக்கு ஏற்றபடி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது விற்கிறவரின் பொறுப்பு. ஈபே போன்ற தளங்களில் கதை வேறு: வழியில் உடைந்தாலும் விற்கிறவர்தான் பொறுப்பு.

ஆக, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் "எங்கள் வேலை முடிந்தது" என்று சொல்லியிருக்கலாம். அவர் காசு அனுப்பியது கூரியர்காரரை நம்பி இல்லை, எங்களை நம்பி. அவர் கையில் போய்ச் சேரும் வரை அது எங்களிடம் இருக்கும் அமானிதம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். ரெண்டு வழி சொன்னோம். எங்கள் செலவில் திருப்பி அனுப்பி முழுக் காசையும் எடுக்கலாம். இல்லாவிட்டால் காட்டை வைத்துக்கொண்டு 6,000 ரூபா திரும்ப எடுக்கலாம். உள்ளே காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. உறையை மட்டும் மாற்றித் தர கம்பனியில் வழி இருக்கிறது, ஆனால் அமெரிக்காவுக்குப் போய் வர வேண்டும். அந்தச் செலவை நினைத்துத்தான் 6,000 என்றோம். ஒருநாள் யோசித்து ரெண்டாவதை எடுத்தார். ஆசிரியர் சம்பளத்தில் 6,000 சின்னக் காசில்லை. அவர் பிறகு எங்களிடம் வாங்கவில்லை, எங்கேயும் குறை சொல்லவுமில்லை.

எல்லாரும் அவரைப் போல இல்லை. இன்னொருவர் கீறல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வந்தது அதே காட், அதே புள்ளி. ஸ்லாப்பின் இலக்கம் மட்டும் வேறு. ஒரு வார்த்தை ஏசவில்லை. ரெண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினோம். "மாறிப் போச்சு நானா" என்று எங்களுடையதை அனுப்பி வைத்தார். போட்டோ இல்லாதிருந்தால் அவரைக் கள்ளன் என்றிருப்போம், அவர் எங்களைக் கள்ளன் என்றிருப்பார், இன்னும் முடிந்திருக்காது.

அபாயா தைத்து அனுப்புகிற ராத்தாமார், கேக் அனுப்புகிறவர்கள், கண்ணாடிச் சாமான் விற்கிற தம்பிமார் எல்லாருக்கும் இது பொருந்தும். அனுப்ப முன் போட்டோ எடுங்கள். உடைந்தால் யார் எவ்வளவு ஏற்பது என்பதைக் காசு வாங்க முன்பே வட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். முறைப்பாடு வந்தால் முதலில் பெட்டியின் போட்டோவைக் கேளுங்கள், ஆளைச் சந்தேகிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

நாளைக்கு எங்களுக்கு மூன்று பொதி போக வேண்டும், பெட்டி முடிந்துவிட்டது. கடை வைத்திருக்கிறவர்கள் சின்னப் பெட்டிகளை எறிய முன் ஒரு சொல் சொல்லுங்கள், தம்பி வந்து எடுத்துக்கொள்வார்.