வெத்தலைக்கு ஒரு நியாயம், பெட்டிக்கு ஒரு நியாயம்

பங்காருபேட்டை ஜங்ஷனில் ரயிலேறும்போது என் வாயில் 'வூடு'. குப்பம் தாண்டி ஜோலார்பேட்டை நெருங்குவதற்குள் அது 'வீடு' ஆகியிருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை, வெட்கம்தான் வாத்தியார். திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த காலம் அது. 'பொட்டிய எட்து வை' என்று வாய் தவறினால் போதும், 'தங்கவயல் வந்துருச்சுடோய்' என்று அறையே சிரிக்கும். அம்மாவிடமிருந்து போன் வந்தால் வராந்தாவுக்குப் போய்விடுவேன். அவள் குரல் வெளியே கேட்குமோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொள்வேன். இதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் எங்கள் ஊரான கோலார் தங்கவயலின் சுரங்கங்களைக் கையிலெடுத்த பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பேச்சு எங்களுடையது. கன்னடமும் தெலுங்கும் கலந்து கெட்டுப்போன தமிழ் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

மொழியியல் படிக்கப் போன இடத்தில்தான் கண் திறந்தது. உதட்டால் சொல்லும் ப, ம, வ முன்னால். நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள பின்னால். நடுவில் மாட்டிய இ, எ என்ன செய்யும்? உதடு குவிந்து உ, ஒ ஆகிவிடும். பெட்டி பொட்டி, பிடி புடி, பெண் பொண்ணு, வேண்டும் வோணும். இரண்டு பக்கமும் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். கெட்டிச் சட்னி எங்கள் ஊர் ஓட்டலிலும் கெட்டிச் சட்னிதான். திருச்சிக்காரர்கள் வீட்டிலும் பொண்ணும் புள்ளையும்தான். சிரித்தவர்களுக்கு அது தெரியாது.

மெய் உயிரை மாற்றுவதில் ஜாவாவை ஒட்டிய மதுரா தீவின் மொழி இன்னும் கறார். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள், முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. அந்த மொழியில் முதல் வகை மெய்க்குப் பின்னால் அகரம் வாய் திறந்து வரும். இரண்டாம் வகைக்குப் பின்னால் நாக்கு மேலேறி வேறு உயிராகிவிடும். மெய் சொல்வதை உயிர் கேட்கிறது. அவர்களை யாரும் மொழியைக் கெடுத்தவர்கள் என்பதில்லை.

இன்னொரு விதி எங்கள் சந்தையிலேயே கிடந்தது. தக்காளிக்குக் கன்னடத்தில் 'பெலெ' கேட்பார்கள், தெலுங்கில் 'வெல', நாங்களும் 'வெல'. ஏட்டில் மட்டும் விலை. இலை எங்களுக்கு எல, கன்னடத்தில் எலெ. குடை கொட, அங்கே கொடெ. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இதற்கென்றே மொழியியலாளர்கள் டி. பரோ 1940இலும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இலும் தனிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஏட்டுத் தமிழ் இ, உ பக்கம் நின்றுகொண்டது. பேச்சுத் தமிழ் அக்கம்பக்கத்து மொழிகளோடு போனது. பக்கத்து வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று நான் நினைத்தது தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிற வழக்கு.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மாவைச் சோதித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவள்.

"ஏம்மா, பெட்டிய பொட்டிங்கற. வெத்தலைய ஏன் வொத்தலைங்க மாட்ற?"

பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வொத்தலயா? அப்டி எவன்டா சொல்லுவான்? மொதல்ல கையக் கழுவிட்டு வந்து ஒக்காரு."