சரீரமும் சாரீரமும்: பி. பி. ஸ்ரீநிவாஸின் குரல் ஏன் தனித்து நடக்கவில்லை

பெங்களூரில் ‘ராஜ்குமார் பாடல்கள்’ என்று கொண்டாடப்படுபவற்றில் ஒரு பெரும்பகுதி ராஜ்குமார் பாடியவை அல்ல. 1960களின் படங்களிலும் 1970களின் தொடக்கப் படங்களிலும் திரையில் வாயசைத்தவர் அவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவர் பி. பி. ஸ்ரீநிவாஸ். ராஜ்குமார் சரீரம், ஸ்ரீநிவாஸ் சாரீரம் என்ற சொல்விளையாட்டு கன்னட ரசிகர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. வடமொழி வழியே இரு மொழிகளுக்கும் வந்த சொற்கள் என்பதால் தமிழிலும் அது அப்படியே பொருந்துகிறது. பாராட்டாகச் சொல்லப்படும் இந்த வாசகத்துக்குள்ளேயே அந்தப் பாடகரின் பிற்காலச் சரிவுக்கான காரணமும் ஒளிந்திருக்கிறது. சரீரம் இல்லாத சாரீரம் எங்கே போய் நிற்கும்?

ஸ்ரீநிவாஸ் 1930இல் காக்கிநாடாவில் பிறந்தவர். வாழ்ந்ததும் 2013 ஏப்ரல் 14 அன்று மறைந்ததும் சென்னையில். 1952இல் ஜெமினி நிறுவனம் இந்தியில் எடுத்த ‘மிஸ்டர் சம்பத்’ படத்தில் பாடத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளில் நிலைபெற்றார். ‘பாவமன்னிப்பு’ (1961), ‘சுமைதாங்கி’ (1962), ‘ராமு’ (1966) ஆகிய படங்களில் அவர் பாடியவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் உண்டு. தாழ்ந்த சுருதியில், ஒலிவாங்கியின் மிக அருகில் நின்று, ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல் பாடும் முறை அவருடையது. உருது கஜல்களின் மீது அவருக்கிருந்த பற்று அந்த மென்மைக்குள் ஊறியிருந்தது. எட்டு மொழிகளில் கவிதை எழுதும் அளவுக்குப் புலமையும் அவருக்கு இருந்தது. குரல், மொழியறிவு, இசையறிவு, உழைப்பு ஆகிய நான்கும் ஒருங்கே வாய்த்த ஒருவர், ஐம்பது வயதை எட்டும் முன்பே திரையிசையின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டார்.

இதற்கு மூன்று விளக்கங்கள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. எஸ். பி. பாலசுப்ரமணியம் வந்தார் என்பது முதலாவது. ராஜ்குமார் தாமே பாடத் தொடங்கினார் என்பது இரண்டாவது. கன்னடத் திரையுலகம் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பெயர்ந்தது, ஸ்ரீநிவாஸோ சென்னையிலேயே தங்கிவிட்டார் என்பது மூன்றாவது. மூன்றும் நிகழ்ந்தவை. ஆனால் நிகழ்ந்தது வேறு, காரணம் வேறு.

மூன்றாவதை முதலில் விலக்கிவிடலாம். 1967இல் கன்னடத்தில் பாடத் தொடங்கி, பின்னர் அம்மொழியின் முதன்மை ஆண்குரலாகவே ஆன பாலசுப்ரமணியமும் சென்னைவாசிதான். எஸ். ஜானகியும் சென்னையிலிருந்தபடியேதான் கன்னடத்தில் ஆயிரக்கணக்கான செவிகளை வென்றார். எழுபதுகளில் படப்பிடிப்புகள் பெங்களூருக்கும் மைசூருக்கும் நகர்ந்த பின்பும் ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் சென்னையிலேயே நடந்தன. ஊர்மாற்றம் ஒரு பாடகரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தண்டித்தது என்று கொள்வதற்கில்லை.

முதல் விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. 1972இல் வெளிவந்த புட்டண்ண கணகாலின் ‘நாகரஹாவு’ இதற்கு நல்ல சான்று. விஷ்ணுவர்தனைக் கதாநாயகனாக்கிய அந்தப் படத்தில், விஜயபாஸ்கரின் இசையில், கனவு போன்ற காதல் பாடல் ஸ்ரீநிவாஸுக்கு. வன்மம் கொதிக்கும் பாடல் பாலசுப்ரமணியத்துக்கு. ஒரே நடிகர், ஒரே படம், இரண்டு குரல்கள். உணர்ச்சிக்கு ஏற்பக் குரல் பிரிக்கப்பட்டது. எழுபதுகளின் கதாநாயகன் காதலிக்கவும் கோபப்படவும் கேலி செய்யவும் வேண்டியிருந்தது. அனைத்தையும் ஒரே குரலில் தரவல்ல பாடகர் கிடைத்ததும், மென்மைக்கென்று தனியாக ஒருவரை அழைக்கும் தேவை குறைந்தது. மேடைநாடக மரபின் கம்பீரத்தைச் சுமந்த டி. எம். சௌந்தரராஜனின் குரலுக்கு எதிர்முனையில் நின்றதே ஸ்ரீநிவாஸின் தனித்தன்மை. இரு முனைகளையும் தொடவல்ல ஒருவர் வந்தபோது அந்தத் தனித்தன்மையே எல்லையாகக் குறுகிற்று.

ஆயினும் திறமைப் போட்டி என்ற அளவில் இதை முடித்துவிட்டால் ஒரு முக்கியமான உண்மை தவறிப்போகும். ஜெமினி கணேசனின் திரைக்குரலை மட்டும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஐம்பதுகளில் ‘மிஸ்ஸியம்மா’ (1955), ‘கல்யாணப் பரிசு’ (1959) படங்களில் அவருக்குப் பாடியவர் ஏ. எம். ராஜா. 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் ஸ்ரீநிவாஸின் குரல் அவருக்கு அமைந்தது. அறுபதுகள் முழுவதும் பெரும்பாலும் அதுவே நீடித்தது. 1969இல் ‘சாந்தி நிலையம்’ படத்தில் அதே நடிகருக்கு, அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பாலசுப்ரமணியம் பாடினார். முகம் ஒன்றே, குரல்கள் மூன்று. ராஜாவின் இடத்தில் ஸ்ரீநிவாஸ் வந்ததுபோலவே ஸ்ரீநிவாஸின் இடத்தில் இன்னொருவர் வந்தார். அது குடியிருப்பவர் மாறும் வாடகை வீடு. உரிமைப்பத்திரம் எப்போதும் முகத்தின் பெயரிலேயே இருந்தது.

இந்த இடத்தில் கடல்கடந்த ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனம் வளர்த்த சோல் இசைக் குழுக்களில் ஒன்று ‘தி டெம்ப்டேஷன்ஸ்’. 1964இல் வெளிவந்த ‘மை கேர்ள்’ பாடலின் முதன்மைக் குரல் டேவிட் ரஃபின். 1968இல் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அவர் தனிப் பாடகரானார். 1969இலும் 1975இலும் ஒவ்வொரு பெருவெற்றி கிடைத்தது. அந்தக் குரலிடம் எதிர்பார்க்கப்பட்ட உயரத்தை அவர் தொடவேயில்லை. இதற்கு அவருடைய முரட்டுக் குணத்தையும் போதைப் பழக்கத்தையும் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அவர் இழந்தது தம் கட்டுப்பாட்டை மட்டுமன்று. ஸ்மோக்கி ராபின்சன் போன்றோர் அந்தக் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பாடல்கள், பின்னால் தாங்கி நின்ற நான்கு குரல்கள், ஒரு குழுவின் பெயருக்கு இருந்த சந்தை ஆகிய அனைத்தையும் அவர் சேர்த்தே இழந்தார்.

ரஃபினையும் ஸ்ரீநிவாஸையும் அருகருகே வைக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஸ்ரீநிவாஸிடம் முரட்டுத்தனமும் இல்லை, போதையும் இல்லை. ‘பிரதிவாதி பயங்கரம்’ என்ற வைணவக் குடிப்பெயரைச் சுமந்த அந்த மென்மையான மனிதரின் வாழ்வில் விழுந்ததற்கான பழியைச் சுமத்த ஒரு குணக்கேடும் அகப்படாது. தனிமனிதப் பிழை என்ற விளக்கத்தை எடுத்துவிட்ட பிறகும் சரிவு எஞ்சுகிறது. ஆகவே காரணத்தைக் குரலைச் சுற்றியிருந்த அமைப்பில்தான் தேட வேண்டும்.

பின்னணிப் பாடல் என்பது குரலைக் கடன் கொடுக்கும் ஏற்பாடு. திரையில் பாடகர் தோன்றுவதில்லை. பாடலின் உணர்ச்சி நடிகரின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ஒலிநாடாக்கள் வந்த காலத்திலும் நடிகரின் பெயரிலேயே தொகுப்புகள் விற்றன. ரஃபினுக்குத் தனியாகப் போய்த் தோற்பதற்காவது ஒரு களம் இருந்தது. எழுபதுகளின் தென்னிந்தியாவில், திரைப்படத்துக்கு வெளியே மெல்லிசைக்கென்று நிலையான சந்தை ஏது? வானொலியின் மெல்லிசை நேரம், பக்திப் பாடல் இசைத்தட்டுகள், திரைப்பாடல்களையே திரும்பப் பாடும் மேடைக் கச்சேரிகள், இவ்வளவே. சாஸ்திரிய இசைக்குச் சபாக்கள் இருந்தன. கஜலுக்கு வடக்கில் மெஹ்ஃபில்கள் இருந்தன. தமிழிலோ கன்னடத்திலோ தாழ்குரலில் காதலையும் தனிமையையும் பாடும் ஒருவர், ஒரு நடிகரின் முகமின்றிப் போய் அமரக்கூடிய மேடை எதுவும் இருக்கவில்லை.

அவர் முயலாமல் இல்லை. நிலவில் மனிதன் இறங்கியதை ஒட்டி ஆங்கிலத்தில் தாமே பாடல் எழுதி, எஸ். ஜானகியையும் சேர்த்துக்கொண்டு இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். இந்திக் கதவும் ஒருமுறை திறந்தது: 1964இல் ஏவி.எம்மின் ‘மை பீ லட்கீ ஹூன்’ படத்தில் தர்மேந்திராவுக்காக, லதா மங்கேஷ்கருடன் இணைந்து பாடினார். அந்தப் பாடல் இன்றும் கேட்கப்படுகிறது. கதவு மட்டும் மூடிக்கொண்டது. பிற்காலத்தில் சென்னை கதீட்ரல் சாலையின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில், சட்டைப்பையில் பல நிறப் பேனாக்களோடு அமர்ந்து கவிதை எழுதிக்கொண்டிருந்த அவரைப் பலரும் நினைவுகூர்வார்கள். அதை ஒரு விநோதப் பழக்கமாகப் பேசுவோர் அதிகம். தமக்கென்று ஒரு சொல்லை, யாருடைய வாயசைப்பும் தேவைப்படாத ஒரு வெளிப்பாட்டை, அவர் அங்கே நாள்தோறும் தேடிக்கொண்டிருந்தார் என்றும் அதைப் படிக்கலாம்.

எஞ்சியிருப்பது இரண்டாவது விளக்கம். 1974இல் ‘சம்பத்திகே சவால்’ வந்தது. எருமை மீதேறி ராஜ்குமார் பாடும் அந்தப் புகழ்பெற்ற பாட்டை, ஜி. கே. வெங்கடேஷின் இசையில், ராஜ்குமாரே பாடினார். பாட வேண்டிய நாளில் ஸ்ரீநிவாஸுக்கு உடல்நலம் சரியில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அது தற்செயலாகவே இருந்தாலும், அதன் பின்விளைவு தற்செயலன்று. ராஜ்குமார் குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். பாடத் தெரியாதவன் நடிகனாக முடியாத மரபு அது. அதற்கு முன்பும் ஓரிரு பாடல்களைத் திரைக்குப் பாடியிருந்தார். ஆகவே 1974இல் நிகழ்ந்தது ஒரு நடிகரின் புதிய விபரீத ஆசை அன்று. கடன் கொடுத்தவரிடம் குரல் திரும்பிப் போய், முகம் தன் சொந்தக் குரலை எடுத்துக்கொண்ட நிகழ்வு. அதே ஆண்டில் வந்த ‘எரடு கனசு’ படத்தில், ராஜன்-நாகேந்திரா இசையில், ராஜ்குமாருக்காக ஸ்ரீநிவாஸ் பாடியவை அவருடைய மிகச் சிறந்த பாடல்களுள் அடங்கும். குரல் தேய்ந்ததால் மாற்றப்பட்டார் என்று எவரும் சொல்ல முடியாதபடி அந்த ஒலிப்பதிவுகள் சாட்சியாக நிற்கின்றன.

ஓர் அரசியல் கோணமும் இங்கே உண்டு. 1972இன் ‘பங்காரத மனுஷ்ய’ பெங்களூரின் ஸ்டேட்ஸ் திரையரங்கில் ஆண்டுக்கணக்கில் ஓடியபோதே ராஜ்குமார் நடிகர் என்ற எல்லையைக் கடந்துகொண்டிருந்தார். 1982இன் கோகாக் போராட்டத்தில் கன்னட மொழியுரிமைக்கே முகமானார். ஒரு மொழியின் அடையாளமாக நிற்பவர் அம்மொழியைத் தம் குரலிலேயே பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. 1992ஆம் ஆண்டின் ‘ஜீவன சைத்ரா’ படத்தில் பாடியதற்காக அவர் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதையும் பெற்றார். ஆனால் அந்த அடையாளம் உருவான ஆண்டுகளில், கன்னடத்தின் காதலையும் கண்ணீரையும் ஒலித்தது காக்கிநாடாவில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஒருவரின் தொண்டை. வாயசைத்தவரோ இன்றைய ஈரோடு மாவட்டத்தின் காஜனூரில் பிறந்தவர். மொழிக்கும் மண்ணுக்கும் இடையே நேர்க்கோடு வரைய விரும்புவோருக்கு இந்த வரலாறு சற்றே சங்கடமானது. பெங்களூரின் தமிழருக்கும் கன்னடருக்கும் அது பொதுச் சொத்து.

எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்று ஒரு கலைஞரைப் பற்றி எழுதும் முன்பு, அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றிக்கொள்ள அவருக்கு எந்த மேடை இருந்தது என்று கேட்பது ஆய்வாளரின் கடமை. ஸ்ரீநிவாஸின் வாழ்வில் அந்தக் கேள்விக்கான விடை ஒருமுறை தற்செயலாகவே தெரியவந்தது. 2010இல் வெளிவந்த செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்காக, ஜி. வி. பிரகாஷ்குமார் இசையில், பம்பாய் ஜெயஸ்ரீயுடன் இணைந்து, எண்பதை நெருங்கும் வயதில் அவர் பாடினார். நாடிழந்து பசியில் வாடும் சோழக்குடியின் புலம்பல் அந்தப் பாடல். அதில் அவர் எந்தக் காதல்நாயகனின் இளமைக்கும் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வயதால் நடுங்கிய அந்தக் குரலை வேறொரு முகத்தோடு பொருத்திப் பார்க்கும் அவசியமின்றி, முதன்முறையாக அதை அதற்காகவே கேட்டார்கள் இளைஞர்கள். பாடியவர் யார் என்று விசாரித்தார்கள்.